அச்சு மாதிரி எழுதுதா, ஆனா வாசிக்கத் தெரியல: காது கேளாத மகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்க?

முக்கூடல் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். முக்கூடல் பக்கத்துல இருக்கோம். நான் வீட்டுல பீடி சுத்துதேன், வீட்டுக்காரவிய லோடு ஆட்டோ ஓட்டுதாவ. மூத்தது பையன், ரெண்டாவது மக. மகளுக்குப் பிறவியிலேயே காது கேக்காது. ரெண்டு வயசுல, தலையில ஒயர் ஒட்டிக் கேள்வி நரம்பைச் சோதிக்கிற பெரா டெஸ்ட் எடுத்துப் பாத்து, ரெண்டு காதுலயும் 90 டெசிபலுக்கு மேல குறை, ரொம்பக் கடுமைன்னு சொன்னாங்க. மிஷின் போட்டிருக்கோம். வர்ற தையில ஆறு வயசு முடியுது. உள்ளூர் பள்ளிக்கூடத்துல ஒண்ணாங்கிளாஸ் போறா.

கையெழுத்து அவ்வளவு அழகு. போர்டுல டீச்சர் எழுதிப் போட்டதை ஒரு புள்ளி பிசகாம எழுதிட்டு வந்துருவா. வகுப்புல எல்லாருக்கும் அவ நோட்டைத்தான் தூக்கிக் காட்டுதாங்களாம். ஆனா வீட்டுல வந்து, நோட்டுல "இலை"ன்னு எழுதியிருக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டி, இது எங்க இருக்குன்னு சாடையில கேட்டா முழிக்கா. என் மடியில தட்டு நிறைய பீடி இலை கிடக்கு. அதுவும் இதுவும் ஒண்ணுன்னு அவளுக்குத் தெரியல. எனக்கு நெஞ்சு அடைச்சுக்கிட்டு வந்துட்டு. 'எண்ணும் எழுத்தும்'ங்கிற அரசுத் திட்ட வகுப்புல பிள்ளைங்க பாட்டுப் பாடி எழுத்து படிக்கும்போது இவளும் கூடச் சேந்து வாயை அசைக்கா, அவ்வளவுதான்.

வீட்டுல நாங்களா வச்சுக்கிட்ட சாடை கொஞ்சம் இருக்கு. தண்ணி, சோறு, தூக்கம், மீசையைத் தடவுனா அப்பா, இப்படி. ஆனா எங்க தெருவுல ஒருத்தர், "சாடையில பேசிப் பழக்காதீங்க, அப்புறம் வாயே திறக்க மாட்டா"ன்னு சொல்லிட்டாரு. அதுலேருந்து கையைக் கட்டிக்கிட்டுப் பேசுதேன். அவ என் வாயையே பாத்துட்டு நிக்கா.

வாசிக்க எப்படிச் சொல்லிக் கொடுக்க? சாடை வேணுமா வேண்டாமா? பாளையங்கோட்டையில காது கேளாதோர் பள்ளியில சேர்க்கலாமா, இல்ல இங்கனயே படிக்கட்டுமா? வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேட்டை அப்பா:

தங்கச்சி, உங்க கேள்விக்கு மத்தவங்க விவரமா சொல்லுவாங்க. நான் ஒண்ணே ஒண்ணை அவசரமாச் சொல்லிருதேன். காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது காதுக்குள்ள கருவி வச்சு நேரா நரம்புக்குச் சத்தத்தைக் கொடுக்கிற ஆபரேஷன் பத்தி யாராவது சொன்னாங்களா? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல அது இலவசம், ஆனா ஆறு வயசுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு இன்னும் தை வரைக்கும்தான் நேரம். ஸ்கேன், தடுப்பூசி, மறுபடி காது டெஸ்ட், காப்பீட்டு அட்டை வேலைன்னு மாசக்கணக்குல இழுக்கும். அதனால இந்த வாரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்க் கேளுங்க. உங்க பிள்ளைக்கு அது சரிவருமா வராதான்னு டாக்டர்தான் சொல்லணும், நானோ நீங்களோ முடிவு பண்ண முடியாது. கேக்காம மட்டும் விட்டுராதீங்க.

எங்க பையனுக்கு மூணு வயசுல செஞ்சோம். ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கே கேக்கும்னு சொந்தக்காரங்க பழம் பூவோட வந்துட்டாங்க. அப்படிக் கிடையாது. புண் ஆறி சில வாரம் கழிச்சுத்தான் வெளி மிஷினை மாட்டி ஆன் பண்ணுவாங்க. அப்புறம் சத்த அளவைக் கூட்டிக் குறைச்சுச் சரி பண்ண அடிக்கடி போகணும். கேக்குற சத்தம் என்னன்னு மூளை பழக ஒரு வருஷத்துக்கு மேல தெரபி. விடாம கூட்டிக்கிட்டுப் போனோம், இப்ப நல்லா பேசுதான். அதே சமயத்துல ஆபரேஷன் பண்ணி, பாதியில தெரபியை நிறுத்தி, மிஷினைப் பீரோவுல வச்சுட்ட வீட்டையும் பாத்திருக்கேன்.

பாளை ஓய்வு டீச்சர்:

மகளே, பேட்டைத் தம்பி சொன்னதை முதல்ல செய்யுங்க. ஆனா ஆபரேஷன் நடக்கட்டும், பேச்சு வரட்டும், அப்புறம் படிப்பைப் பாப்போம்னு காத்துக் கிடக்காதீங்க. காது கேளாத பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறதுலதான் என் வேலைக்காலம் முழுக்கப் போச்சு. இப்பவும் அந்தப் பிள்ளைங்க நினைப்புதான். அதனால நீளமா எழுதுனா பொறுத்துக்கிடணும்.

நீங்க சொன்னதுல எனக்குப் பெருசாப் பட்டது அந்த இலை. காது கேக்குற பிள்ளை ஒண்ணாங்கிளாஸுக்குச் சும்மா வாறதில்ல. அடுக்களையில, பஸ்ஸுல, கல்யாண வீட்டுல, நாம சண்டை போடும்போது, எல்லாத்தையும் அஞ்சு வருஷமாக் கேட்டுக் கேட்டு ஆயிரக்கணக்கான வார்த்தையோட வருது. டீச்சர் "இலை"ன்னு எழுத்தைக் காட்டுனதும், முன்னமே தெரிஞ்ச அந்தச் சத்தம் போய் எழுத்துல ஒட்டிக்கிடுது. உங்க மகளுக்கு ஒட்டிக்கிட உள்ள ஒண்ணும் இல்ல. அவளுக்கு "இலை" ஒரு கோலம். அதை அழகாப் போடுதா. அவ புத்தியில ஒரு குறையும் கிடையாது, அதை மட்டும் யார் சொன்னாலும் நம்பாதீங்க.

ஆக, முதல்ல அவளுக்கு ஒரு மொழி வேணும். தண்ணி, சோறு கேக்குறதுக்கு மட்டும் இல்ல. "அண்ணன் ஏன் அடிச்சான்?", "நாளைக்கு யார் வாறா?", "எனக்கு அது பிடிக்கல, ஏன்னா..." இதையெல்லாம் நீங்களும் அவளும் பேசிக்கிடணும். காது வழியா அது முழுசா வரலன்னா கண் வழியாத்தான் வரணும். அதனால கட்டுன கையை இன்னைக்கே அவுத்துருங்க. சைகை மொழி பேசுனா வாய்ப்பேச்சு கெட்டுப்போகும்ங்கிறது அந்தக் காலத்துப் பயம். சின்ன வயசுல ஒரு மொழி முழுசாக் கைவந்த பிள்ளைக்கு அடுத்த மொழி சுலபமா வருது. எதுவுமே இல்லாம அஞ்சாறு வருஷம் ஓடிப்போச்சுன்னா, அந்தக் காலத்தைத் திருப்பிப் பிடிக்க ரொம்பக் கஷ்டம். அதுதான் நான் பயப்படுற விஷயம்.

உதட்டைப் பாத்தே புரிஞ்சுக்கிடுவாள்னு இருக்காதீங்க. கண்ணாடி முன்னால நின்னு சத்தமில்லாம "பாப்பா", "மாமா"ன்னு சொல்லிப் பாருங்க. ரெண்டும் உதட்டுல ஒண்ணேதான். ககரம், ஙகரம் எல்லாம் வாய்க்குள்ள பின்னால நடக்குது, வெளியில தெரியவே தெரியாது. தெரியாத மொழியை உதட்டுல வாசிக்க யாராலயும் முடியாது.

சைகைக்கு ரெண்டு வழி சொல்லுதேன். இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம்னு டெல்லியில 2015ல அரசு ஆரம்பிச்சது. அவங்க போட்ட வீடியோ அகராதி இணையத்துல இலவசம். 2018ல 3,000 சொல்லோட வந்தது, 2021ல 10,000 ஆச்சு. உங்க பெரியவனை வச்சுத் தேடிக்கிடலாம். ஆனா அகராதியை விட நல்ல வழி, காது கேளாத பெரியவங்களோட பழகுறது. நம்ம ஊருக்கு அந்தப் பாக்கியம் உண்டு. ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் பாளையங்கோட்டையில காது கேளாதோர் பள்ளியை 1890கள்லயே ஆரம்பிச்சுட்டாங்க. அங்க படிச்சவங்க தையல், அச்சு வேலை, ஆபீஸ் வேலைன்னு இந்தப் பக்கம் எத்தனையோ பேரு இருக்காங்க. ஒருத்தரை வீட்டுக்குக் கூப்பிட்டு வாரத்துல ஒரு பொழுது உக்காந்து பேசச் சொல்லுங்க. பெரியவ ஆனா தான் எப்படி இருப்போம்னு உங்க மக கண்ணால பாக்கட்டும். நீங்க மட்டும் கத்துக்கிட்டாப் போதாது. அப்பா, அண்ணன், ஆச்சி எல்லாரும் கத்துக்கிடணும்.

இனி வாசிப்பு. கோடு போடாத பெரிய நோட்டு ஒண்ணு வாங்குங்க. தினமும் அவளுக்கு நடந்த ஒரு காரியத்தை அதுல போடணும். அம்பாசமுத்திரம் போனீங்களா, பஸ் டிக்கெட்டை ஒட்டுங்க. பீடி இலையில ஒரு துண்டை வெட்டி ஒட்டுங்க. ஆச்சி விழுந்தாளா, ஆச்சி விழுந்த படத்தை எப்படி வருதோ அப்படி வரைங்க. முதல்ல அதைப் பத்திச் சைகையில பேசணும். அவ என்ன சொல்லுதாளோ அதைத்தான் கீழே எழுதணும், நீங்களா ஒண்ணை எழுதக்கூடாது. "அம்மா இலையை வெட்டினாள். நான் இலையைத் தூக்கிப் போட்டேன். அம்மா திட்டினாள்." அவ்வளவு போதும். வார்த்தை வார்த்தையாத் தொட்டுச் சைகை காட்டுங்க. மறுநாள் அவ அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டட்டும், ஆச்சிக்குக் காட்டட்டும். அதே வரியைத் தனிச் சீட்டுல எழுதி வெட்டி, கலைச்சுப் போட்டு அடுக்கச் சொல்லுங்க. தான் பட்ட காரியம் ஆனதால பொருள் தானா வந்து நிக்கும்.

சுவர், கதவு, ஜன்னல்னு வீடெல்லாம் பேர் எழுதி ஒட்டச் சொல்லுவாங்க. ஒட்டலாம், தப்பில்ல. ஆனா அது பேர்ச்சொல்லோட நின்னுரும். பிள்ளைங்க தடுக்கி விழுறது வேற இடத்துல. நம்ம தமிழ்ல எல்லாம் வால்லதான் இருக்கு. கடைக்கு, கடையில், கடையிலிருந்து. போனேன், போனாள், போவாங்க. இந்திய சைகை மொழியில "போ"வுக்கு ஒரே அசைவுதான். யார், எப்போங்கிறது தனியா வந்துரும், அல்லது கை நகர்ற திசையிலயே தெரியும். அதனாலதான் நல்லாப் படிக்கிற காது கேளாத பிள்ளைகூட "அம்மா கடை போ"ன்னு எழுதும். அதுல சிவப்பு மையைப் போட்டுராதீங்க. சொல்ல வந்தது சரின்னு தலையாட்டிட்டு, கீழே "அம்மா கடைக்குப் போனாள்"னு முழுசா எழுதி, அந்த "க்கு"வுக்கும் "னாள்"க்கும் வேற கலர் கொடுங்க. பொம்மையை வச்சு நடிச்சுக் காட்டுங்க. "நாய் பூனையைத் துரத்தியது", "பூனை நாயைத் துரத்தியது". எந்த வாக்கியத்துக்கு எது ஓடணும்னு அவ பொம்மையை ஓட்டணும். "ஐ"ங்கிற ஒரு எழுத்துக்காக நாய் பயந்து ஓடுதுன்னு அவ கண்டுபிடிக்கிற அன்னைக்கு அவ சிரிக்கிற சிரிப்பைப் பாருங்க. எத்தனை பிள்ளைங்க கிட்ட பாத்தாலும் எனக்கு அது சலிச்சதே இல்ல.

கதைப் புத்தகம் வாசிக்கும்போது மடியில வச்சுக்கிடாதீங்க, உங்க முகமும் கையும் தெரியாது. எதிர்ல, இல்ல கோணமா உக்காருங்க. வெளிச்சம் உங்க முகத்துல விழணும். அவ முதல்ல படத்தை நிதானமாப் பாக்கட்டும். பாத்து முடிச்சுத் தலையைத் தூக்குவா, அப்ப சைகை காட்டணும். அவ குனிஞ்சிருக்கும்போது நீங்க கையை ஆட்டுனா அது காத்துல போச்சு.

பள்ளிக்கூட விஷயம்: உள்ளூர்ல அவளோட சைகையில பேச ஒரு ஆளும் இல்லன்னா, பாளைப் பள்ளியை ஒரு நாள் போய்ப் பாருங்கன்னுதான் சொல்லுவேன். வகுப்புல பிள்ளைங்க ஒருத்தரோட ஒருத்தர் எப்படிப் பேசிக்கிடுதுன்னு பாத்துட்டு முடிவெடுங்க. இங்கனயே இருந்தா, கல்வித் துறையோட வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர் இருப்பாங்க, அவங்களை வரச்சொல்லி எழுதிக் கொடுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல கல்விக்குச் சைகை மொழியும் உண்டு, தயங்காமக் கேக்கலாம்.

ஜங்ஷன் டிடிபி:

வணக்கம் அக்கா. எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வயது 31. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கும் வேலை செய்கிறேன். தமிழ் வாசிப்பேன், எழுதுவேன். பேச்சு கொஞ்சம் வரும்.

டீச்சர் சொன்ன நோட்டு மிக நல்லது. என் அக்கா எனக்கு அப்படிச் செய்தாள். எங்கள் ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. இரவு முழுவதும் வில்லுப்பாட்டு. எல்லாரும் கேட்டு அழுவார்கள், சிரிப்பார்கள். நான் சும்மா உட்கார்ந்து இருப்பேன். அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்து, யார் வந்தார், யார் செத்தார், ஏன் கோபம் என்று கையால் சொன்னாள். மறுநாள் அதையே எழுதிக் கொடுத்தாள். நான் அந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கதை முன்பே தெரியும், அதனால் வார்த்தை புரிந்தது. நான் வாசிக்கக் கற்றது அப்படித்தான்.

ஒரு விஷயம் டீச்சர் சொல்லவில்லை. நோட்டில் எல்லாம் புத்தகத் தமிழ். எனக்கும் பள்ளியில் அதுதான் கொடுத்தார்கள். பிறகு கைபேசி வந்தது. குடும்பக் குழுவில் சித்தி "அவிய வந்துட்டாவளா", "சொல்லுதேன்லா" என்று எழுதுவார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வந்துவிட்டார்களா" என்றால் தெரியும். "வந்துட்டாவளா" யார்? காதில் கேட்டவர்களுக்கு இரண்டும் ஒன்று. எனக்கு இரண்டு வேறு மொழி. இருபது வயதுக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்றேன். உங்கள் மகளுக்கு வீட்டுத் தமிழையும் எழுதிக் காட்டுங்கள். படத்தில் ஆள் வாயிலிருந்து வட்டம் போட்டு, உள்ளே "ஏளா, இங்க வா" என்று எழுதுங்கள். கீழே "அம்மா மகளை அழைத்தாள்" என்று எழுதுங்கள்.

இன்னொன்று. சாப்பிடும்போது எல்லாரும் சிரிப்பார்கள். நான் "என்ன?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அப்புறம் வரவே வராது. தயவுசெய்து உங்கள் மகளுக்கு அப்பொழுதே சொல்லுங்கள். சின்ன விஷயமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

பாளை ஓய்வு டீச்சர்:

தம்பி, நீங்க சொன்ன வட்டம் ரொம்பச் சரியான யோசனை. நான் இப்படி வரிசை வைப்பேன்: பாடப்புத்தகம் எழுத்துத் தமிழ்லதான் வருது, அதனால முதல்ல அந்த வால்கள் கொஞ்சம் நிலைக்கட்டும். ரெண்டையும் ஒரே நாள்ல கொட்டுனா "போனாள்", "போனா", "போயிட்டா" மூணும் குழம்பும். அதுக்காக அடுத்த வருஷம் வரைக்கும் தள்ளவும் வேண்டாம். "வா", "போ", "வேண்டாம்"னு ரெண்டுலயும் மாறாத சின்ன வார்த்தையை இப்பவே வட்டத்துக்குள்ள போடலாம்.

முக்கூடல் அம்மா:

டீச்சர், அண்ணாச்சி, தம்பி, எல்லாருக்கும் கோடி நன்றி. வாசிச்சு வாசிச்சு அழுதுட்டேன். நேத்தே நோட்டு வாங்கிட்டேன். இலைத் துண்டை ஒட்டுனதும் அவளா என் மடியைக் காட்டுனா, அப்புறம் எழுத்தைக் காட்டுனா. அவ அப்பா ராத்திரி வந்ததும் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் நோட்டைக் காட்டிட்டா.

ரெண்டு சந்தேகம். நான் எட்டாப்பு வரைக்கும்தான் படிச்சேன், ஒற்றெல்லாம் தப்பா வரும். எழுதலாமா? அடுத்தது, "நாளைக்கு"ன்னா எப்படி வரைய? நாளைக்கு ஆஸ்பத்திரி போகணும்னு அவகிட்ட சொல்ல முடியல. திடீர்னு கிளப்பிக் கூட்டிட்டுப் போனா பயந்து அழுதா.

பாளை ஓய்வு டீச்சர்:

தாராளமா எழுதுங்க. எழுதுனதைப் போட்டோ எடுத்து இங்க போடுங்க, நான் திருத்தித் தாறேன். ஒற்றுக்குப் பயந்து ஒரு நாள் நோட்டை மூடி வச்சா அதுதான் நஷ்டம்.

"நாளைக்கு"க்கு தினம் கிழிக்கிற காலண்டர் வாங்குங்க. தாளைக் கிழிச்சுத் தூரப் போட வேண்டாம். கயிறு கட்டி மூணு கிளிப் மாட்டுங்க: நேற்று, இன்று, நாளை. கிழிச்ச தாள் நேத்துப் பக்கம், இன்னைக்குத் தாள் நடுவுல, அடுத்த தாள் நாளைப் பக்கம். நாளைத் தாள்ல ஆஸ்பத்திரி படம், பஸ் படம், அவ படம், உங்க படம் வரைஞ்சு "நாங்கள் மருத்துவமனைக்குப் போவோம்"னு எழுதுங்க. காலையில எந்திரிச்சதும் அவ கையாலயே அதை நடுக் கிளிப்புக்கு மாத்தட்டும். போயிட்டு வந்த மறுநாள் அதை நேத்துப் பக்கம் தள்ளும்போது "போவோம்"ல இருக்கிற "வோம்" மேல சின்னச் சீட்டை ஒட்டி "னோம்"னு எழுதுங்க. போவோம், போனோம். காலம்னா என்னன்னு பிடிச்சுக்கிடுவா.

டாக்டர் அங்க காதுல குழாய் வைப்பாரு, தலையில ஒயர் ஒட்டுவாங்க, தூங்க மருந்து கொடுப்பாங்க. அதையும் முந்தின நாளே வரைஞ்சு காட்டிருங்க.

பேட்டை அப்பா:

தங்கச்சி, புறநோயாளி சீட்டு காலையிலதான் போடுவாங்க, வெள்ளன கிளம்பிருங்க. பழைய பெரா ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஆதார், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எல்லாத்தையும் ஒரிஜினலோட ஜெராக்ஸும் ஒரு கவர்ல போட்டு வச்சுக்கிடுங்க. மிஷினைக் காதுல பொருத்துற காது அச்சு லூசா இருந்து மிஷின் கூவுதுன்னா அதையும் அங்கயே சொல்லுங்க. பிள்ளை வளர வளர அச்சு மாத்தணும். ஆபரேஷன் வரைக்கும் அந்த மிஷின்தான் கிடைக்கிற சத்தத்தைக் கொடுக்கும், பேட்டரி தீர்ந்து கிடக்க விடாதீங்க. நீங்க போற அன்னைக்குச் சொன்னா நானும் வாறேன்.

ஜங்ஷன் டிடிபி:

அக்கா, ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. என் மனைவிக்கும் காது கேட்காது. உங்களுக்குச் சம்மதம் என்றால் நாங்கள் இருவரும் முக்கூடல் வருகிறோம். அண்ணன், ஆச்சி எல்லாரும் வீட்டில் இருந்தால் நல்லது.

முக்கூடல் அம்மா:

வாங்க தம்பி, கண்டிப்பா வாங்க. மதியச் சாப்பாடு எங்க வீட்டுலதான். நாளைக் கிளிப்புல உங்க ரெண்டு பேரையும் வரையணும், ஒரு போட்டோ அனுப்புங்க.